வாசலில் சொன்ன ‘வாரோம்’

பூட்டுப் போடும் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொங்கல் பிறக்கும். போகிக்கு முந்தின நாளே எதிர்வீட்டில் தாழ்ப்பாள் இழுபடும் ஓசை கேட்கும், பிறகு பூட்டு ‘கடக்’கென்று விழும், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று யாராவது இரண்டு முறை பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் பெட்டிகள் படியில் இடித்துக்கொண்டே இறங்கும். மேல்வீடு, பக்கத்துவீடு, பின்வரிசை என்று ஒவ்வொன்றாகப் பூட்டு விழ விழ, கல்பாக்கத்தில் நாங்கள் இருந்த அந்த ஊழியர் குடியிருப்பு ஆளரவம் அற்றுப்போய், பொங்கலன்று காலையில் வாசலில் கோலம் இருக்கும் ஒரே வீடு எங்களுடையதாக இருக்கும். கரும்பைப் பங்கு கேட்க ஒரு பிள்ளை கிடையாது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தினால் எதிர்ச்சுவர்தான் பதில் சொல்லும். எனக்கு அந்தப் பண்டிகையே பிடிக்காது.

அங்கே இருந்தவர்கள் எல்லாருமே வெளியூர்க்காரர்கள். அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை கிடைத்து மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். வருஷம் முழுக்க ஒரு வீட்டுக் குழம்பை இன்னொரு வீட்டில் கொடுத்து வாங்கித் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகிவிட்டு, பண்டிகை வந்தால் மட்டும் ‘ஊருக்கு’ என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். போகிற போக்கில், “நீங்க ஊருக்குப் போகலையா?” என்று வேறு கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. எங்களுக்குப் போக ஊர் இல்லை. அம்மாவுக்குத் திருநெல்வேலி, சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை அடுப்படியில் பூண்டு வாசனை வந்தால் வீடே ரெண்டுபடும் ஆசாரம். அப்பா விழுப்புரத்துப் பக்கம். அம்மா வீட்டார் பேச்சில் ‘வேற ஆட்கள்’. இருவரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்ட அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு முடிந்துபோனது. அப்பாவைப் பெற்றவர்களோ முன்னமே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆக, பால் பொங்கியதும் நாங்கள் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் பண்டிகை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் இன்னொரு கொடுமை இருக்கும். ‘எங்க மாமா பாவாடை எடுத்துக் குடுத்தாரு’, ‘எங்க மாமா சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு’ என்று வகுப்பு முழுக்க மாமாக்கள் நிறைந்திருப்பார்கள். எனக்கும் ஒரு தாய்மாமன் இருக்கிறார், பெயர் சங்கரன், அம்மாவுக்கு நேர் இளையவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பார்த்ததே இல்லாத ஒருவரை வைத்துக்கொண்டு என்னதான் பீற்றிக்கொள்வது?

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் அந்தச் சங்கரன் மாமா தாம்பரத்துக்கு வேலை மாற்றலாகி, கூடுவாஞ்சேரியில் வாடகை வீடு பார்த்துக் குடிவந்தார். இந்தச் செய்தி எந்த வழியாக அம்மாவுக்கு வந்தது என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு செங்கல்பட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரியே நடப்பாள். கடைசியில் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு வந்த வழியில், மாமா தம் புது மனைவியோடு எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முறுக்குத் தட்டை எடுக்கிறாள், வைக்கிறாள், காப்பிக்குப் பாலை ஏற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோகிறாள். மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அத்தை, “வயிறு சரியில்லை மதினி” என்று சொல்லிவிட்டார். மாமா தண்ணீர் மட்டும் வாங்கி, குடித்தும் குடிக்காமலும் கீழே வைத்தார். ‘கை நனைப்பது’ என்று ஒன்று உண்டு. மனம் ஒட்டாதவர் வீட்டில் சாப்பிட உட்கார்வதில்லை, உட்கார்ந்துவிட்டால் உறவை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிந்தது, அம்மாவுக்கா புரியாது?

அவர்கள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கம்பிக் கதவைத் திறக்கும்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். “சங்கரா, காணும் பொங்கலுக்கு இங்கன எல்லாரும் மாபலிபுரம் கடக்கரைக்குத்தான் போவாங்க. நாங்களும் போறோம். ரெண்டு பேரும் அங்க வந்துருங்க, என்ன? சவுக்குத் தோப்புல நுழைஞ்ச உடனே இருப்போம். சாப்பாடு நான் கொண்டாரேன். அது வீடு இல்லைல்லா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மாமா தெருவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, “சரிக்கா, வாரோம்” என்றார். போய்விட்டார்கள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, “சங்கரன் காணும் பொங்கலுக்கு வாரோம்னு சொல்லியிருக்கான்” என்பதுதான். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, “எப்ப சொன்னான்?” என்று கேட்டார். அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

என்ன சமைப்பது என்பதில் அம்மாவுக்குக் குழப்பமே இருக்கவில்லை. சொதிதான். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடும் சாப்பாடு அது. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, புளியே சேர்க்காமல், கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கும் ‘மாப்பிள்ளைச் சொதி’. பெண்ணோடு பிறந்தவன் முதல் கரண்டியை மாப்பிள்ளை இலையில் ஊற்றுவது அம்மாவின் வீட்டு வழக்கம். பதிவு அலுவலகக் கல்யாணத்துக்கு மறுநாள் ஏது? அன்றைக்கு இருவரும் ஏதோ ஓட்டலில் இட்லி சாப்பிட்டார்களாம். “அவன் கையால உங்க எலையில ஒரு கரண்டி ஊத்திட்டாம்னா எனக்குப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அந்த ஒரு கரண்டிக்காகத்தான் அவ்வளவும்.

அப்பா நிதானமான மனிதர், எதற்கும் பதறமாட்டார். ஆனால் அவரே இரண்டு விஷயம் சொல்லிப்பார்த்தார். ஒன்று, கடற்கரைக்குத் தேங்காய்ப்பால் சமாசாரம் வேண்டாம், மத்தியானம் தாங்காது, புளியோதரை கட்டிக்கொள்ளலாம் என்பது. “கல்யாணத்துக்குப் புளியோதரையா போடுவாங்க?” என்று அம்மா அதை ஒரே வெட்டாக வெட்டினாள். இன்னொன்று, மாமாவின் அலுவலக எண்ணை எப்படியோ விசாரித்து வைத்திருந்த அப்பா, “கடைத்தெரு பூத்துல இருந்து ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடேன்” என்றது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! “கூடப் பொறந்தவன் வாரோம்னு சொன்ன பெறகு, நெசமாத்தான் வாரியாடேன்னு ஃபோன் போட்டுக் கேக்கவா? அவன் என்ன நெனப்பான்?” அந்த வாரம் முழுக்க அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். நானும் பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும்போது, முதல் முறையாக வாசலில் வந்து நின்று, “எங்களுக்கும் எங்க மாமா வர்றாரு” என்று உரக்கச் சொல்லி அனுப்பினேன். அந்த வருஷம் பூட்டு விழுந்த சத்தங்கூட எனக்கு அவ்வளவு கசப்பாக இல்லை.

காணும் பொங்கலன்று விடிவதற்குள் தேங்காய் துருவியாகிவிட்டது. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனிக் கிண்ணத்தில் நான்தான் பிழிந்தேன். முதல் பாலை அடுப்பில் கொதிக்கவிடாமல் சூடு ஏறியதும் இறக்கிவிட வேண்டும் என்பதால் அம்மா கண்ணை எடுக்காமல் நின்றாள். முருங்கைக்காய், பட்டாணி, கேரட், உருளைக்கிழங்கு; தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். வாழையிலைகளை ஈரத்துணியில் சுருட்டினாள். எலுமிச்சம்பழம் பரிமாறுகிற நேரத்தில் பிழிந்தால்தான் மணம் நிற்கும் என்று இரண்டு பழத்தை முழுசாகவே ஒரு துணியில் முடிந்துகொண்டாள். சொதி நிறைந்த பெரிய தூக்குவாளியை அப்பா மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்து வந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

மாபலிபுரத்தில் அன்றைக்குக் கடலைவிடக் கூட்டம் பெரியது. செங்கல்பட்டு, திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள். கொம்புக்கு வண்ணம் அடித்த மாடுகள், பலூன், மாங்காய்ப் பத்தை, ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் அன்றைக்குக் கறிச்சோறு இல்லாமல் தீராது. சவுக்குத் தோப்பு முழுக்க மசாலா வாசனை. நாங்கள் தோப்பில் நுழைந்ததும் சொன்ன சொல்படி முதல் நிழலிலேயே ஜமக்காளத்தை விரித்தோம். அம்மா ஐந்து இலைகளையும் போட்டு, தண்ணீர் தெளித்து, பறக்காமல் ஓரத்தில் மண் அள்ளி வைத்துவிட்டு, பேருந்து வரும் சாலையைப் பார்த்த வாக்கில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அலையில் நிற்க ஆசை. அப்பா கூட்டிப்போனார். திரும்பி வந்தோம். அம்மா அதே திசையில் பார்த்தபடி இருந்தாள், அவள் முகத்தில் மட்டும் வெயில் வந்திருந்தது.

பசி வயிற்றைக் கிள்ள ஆரம்பித்தது. கேட்டால் அம்மா, “இந்தா வந்துருவாங்க ஏட்டி” என்றாள். மறுபடி கேட்டேன். “பஸ்ஸு கெடைச்சிருக்காது, கூட்டத்தைப் பாத்தியா?” என்றாள். தூரத்தில் யாராவது கணவனும் மனைவியுமாக வந்தால் எழுந்து நிற்பாள், அவர்கள் வேறு பக்கம் திரும்பியதும் சேலையைச் சரிசெய்ய எழுந்தவள் போல உட்காருவாள். எனக்கு மாமா மேல் அல்ல, அம்மா மேல்தான் ஆத்திரமாக வந்தது. எதற்கு இப்படி ஊர் பார்க்க எழுந்து எழுந்து நிற்கிறாள் என்று இருந்தது.

பக்கத்து நிழலில் திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்த ஒரு பெரிய குடும்பம். அதன் தலைவியின் பெயர் கோவிந்தம்மா என்பது மற்றவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. வாட்டசாட்டமான பெண்மணி, வாய் நிறைய வெற்றிலை. அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, பிள்ளைகள் மணலில் புரள ஆரம்பித்தும் எங்கள் இலை காலியாகவே கிடப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் நகர்ந்து வந்தார்.

“இன்னாம்மா, எலையப் போட்டுட்டு எவ்ளோ நேரமா குந்திகினு கீறீங்க? ஆரு வரணும்?”

“எந் தம்பி வாரான்க்கா. அவன் வீட்டுக்காரியும்” என்றாள் அம்மா.

“வரேன்னு சொன்னாரா?”

“சொன்னான், வாரோம்னு சொன்னான்.”

கோவிந்தம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: “வூட்ல குந்திகினு சொன்னாரா, கெளம்பும்போது சொன்னாரா?”

அம்மா அவரையே பார்த்தாள். “கெளம்பும்போதுதான்” என்றாள்.

“செருப்பு மாட்டிகினா?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஐய! அது போய்ட்டு வரேன்னு சொல்ற ‘வரேன்’ம்மா. வாசல்ல நின்னுகினு ஆருதான் போறேன்னு சொல்லுவாங்க?” என்று கோவிந்தம்மா சிரித்தார். அதில் கேலி இருந்ததே தவிர வஞ்சனை இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவரே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “புள்ளைக்கு மொதல்ல சோத்தப் போடு. மூஞ்சி எப்டி வாடிப் பூட்ச்சி பாரு. எங்க குண்டான்ல கறிக்கொழம்பு நெறைய கீது, தரட்டா?” என்றார். “நாங்க சைவம்க்கா” என்று அம்மா சொன்னதற்கு, “இன்னிக்குமா?” என்று உண்மையிலேயே பரிதாபப்பட்டுவிட்டு, என் கையில் ஒரு துண்டுக் கரும்பைத் திணித்துவிட்டுத் தன் கூட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே பேரப்பிள்ளைகள் அவர் மேல் விழுந்தார்கள். அவ்வளவு பேர் ஒரே குடும்பமாக இருப்பதை நான் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோப்பில் ஆயிரக்கணக்கான ஜனம். எங்களுக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

வாரோம் என்பது விடைபெறும் சொல் என்று தெரியாத தமிழச்சி உண்டா? போகிறேன் என்றால் அபசகுனம் என்று, சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்கூட வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டா அம்மா தேங்காய் துருவினாள் என்று நினைத்தபோது, ஊருக்குக் கிளம்பிய பிள்ளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்ட எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்பா எழுந்து வந்து தன் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்குவாளியின் மூடியைத் திறந்தார். காலையில் வெளிர்மஞ்சளாகப் பட்டுப்போல இருந்த சொதி, நீர் தனியாகத் திப்பி தனியாகப் பிரிந்து, ஒரு புளித்த வாடையோடு இருந்தது.

“வேண்டாங்க. கெட்டுப்போச்சு, கொட்டிருவோம்” என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் போட்டுக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தார். அம்மா சட்டென்று அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க ஊத்தாதீங்க. மாப்பிள்ள தன் கையால ஊத்திக்கக் கூடாது” என்று சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. அப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, “இத்தனை வருஷம் மாப்பிள்ளையா இருந்தாச்சு, இன்னும் என்ன? எனக்குப் பசிக்குது” என்று சொல்லி, தன் இலையில் தானே ஊற்றிக்கொண்டார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

“நல்லா இருக்கு. எலுமிச்சம்பழம்தான் கொஞ்சம் தூக்கல்” என்றார்.

எலுமிச்சம்பழம் இரண்டும் முடிச்சு அவிழாமல் துணியிலேயே கிடந்தன. அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திடீரென்று சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்பா தலை நிமிராமல் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். எனக்கு அந்தச் சொதியைத் தரவில்லை; வெறும் சோற்றில் இஞ்சிப் பச்சடியைப் பிசைந்து தந்தாள். இரண்டு இலைகள் கடைசிவரைக்கும் காலியாகக் கிடந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் இரண்டு நாள் அப்பா கொல்லைக்கும் கட்டிலுக்குமாக நடந்த நடையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

விடுமுறை முடிந்து குடியிருப்பு நிறைந்தது. பூட்டுகள் திறந்தன, ஊர்ப் பலகாரங்கள் வீடு வீடாக வந்தன. எதிர்வீட்டு மதுரைக்கார அத்தை அதிரசத் தட்டோடு வந்து நின்று, “உங்க பொண்ணு மாமா வர்றாருன்னு ஒரே ஆட்டம் போட்டுச்சே, வந்தாரா?” என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“வந்தான்க்கா” என்றாள் அம்மா. “கடக்கரைக்குப் போனோம். சொதி வச்சேன். அவன்தான் இவங்களுக்குப் பரிமாறினான்.”

அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். கேட்டபடியே போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா அவ்வளவு சாதாரணமாக, அவ்வளவு நிதானமாகப் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமா அடுத்த ஆண்டே மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். பிற்பாடு யார் யார் கல்யாணத்திலோ அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள், நலம் விசாரித்தார்கள், பகை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவர் கை நனைத்ததே கிடையாது. அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள், அதுவும் எங்கே என்றால் கூடுவாஞ்சேரியில், ஏரியைத் தூர்த்துக் கட்டினார்களோ என்று நான் சந்தேகப்படும் ஓர் அடுக்குமாடியில். அந்தச் சவுக்குத் தோப்பில் பாதிக்கு மேல் விடுதிகளின் மதில்சுவராகிவிட்டது. காணும் பொங்கலுக்குக் கடலில் கால் வைக்க முடியாதபடி சவுக்குக் கட்டைகளால் தடுப்புக் கட்டிவிடுகிறார்கள், டிராக்டர்களையும் அதிகம் காணோம். சொதியோ, பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஓட்டலிலும் நினைத்த நாளில் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கிறது. மாப்பிள்ளையும் வேண்டாம், மைத்துனனும் வேண்டாம், கைப்பேசியில் தட்டினால் போதும். வாசலில் நின்று வருகிறேன் என்று சொல்லுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். என் மகன் ‘பை’ என்கிறான், லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது. யாராவது வருவதாக இருந்தால் எங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைக் கைப்பேசி வரைபடத்திலேயே பார்த்துவிடலாம், வராமல் போனால் அதையும் உடனே தெரிந்துகொண்டுவிடலாம்.

போன மாதம் சங்கரன் மாமா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் போக முடியாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சோபாவில் ஈரத் தலையோடு உட்கார்ந்தாள். அழவில்லை. எனக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. செத்தவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று தெரிந்தும், அந்தக் காணும் பொங்கலை எடுத்தேன். “அன்னைக்கு அவர் கிளம்புறதுக்காகச் சொன்னார்னு அந்தக் கோவிந்தம்மாவுக்குப் புரிஞ்சது. உனக்கு மட்டும் எப்படிம்மா புரியாமப் போச்சு?”

“எனக்கும் தெரியும்” என்றாள் அம்மா.

நான் திகைத்துப்போய், “தெரிஞ்சா அப்பா சொன்ன மாதிரி ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்க வேண்டியதுதானே?” என்றேன்.

அம்மா கூந்தல் நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “கேட்டிருந்தா வரலைன்னு சொல்லியிருப்பான் ஏட்டி. கேக்காம விட்டதுனால, அந்த ஒரு வாரம் முழுக்க அவன் எனக்கு வந்துக்கிட்டே இருந்தாம்லா.”